வெளியேறும் வாக்குக்குப் பிறகு: அரசியல் குழப்பத்தைப் படிப்பது எப்படி

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்று பிரிட்டன் வாக்களித்தது. விலக வேண்டும் என்றவர்கள் 51.9 விழுக்காடு, இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1. மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகப்போவதாக அறிவித்தார். முந்தின இரவு 1.50 டாலரைத் தொட்ட பவுண்டு, விடிவதற்குள் 1.33-க்கும் கீழே போனது. ஐந்தாம் நாள் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் எம்.பி.க்கள் தங்கள் தலைவர் ஜெரமி கோர்பின் மீதே 172-க்கு 40 என்ற கணக்கில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அந்த வாரம் செய்தி பார்த்தவர்களுக்கு நாடே தலைகீழானதுபோல் இருந்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிரிட்டன் உண்மையில் ஒன்றியத்தை விட்டு விலகியது 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்குத்தான்.

இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் பலர் அவசரப்பட்டு முடிவெடுத்து நஷ்டப்பட்டார்கள், இன்னும் பலர் அசட்டையாக இருந்து கெடுவைத் தவறவிட்டார்கள். பிரிட்டனில் குடியிருப்பவர், அங்கே பிள்ளையைப் படிக்க வைப்பவர், அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்பவர், அதைப் பற்றிச் செய்தி எழுதுபவர் என எல்லோருக்கும் பயன்படும் முறை ஒன்று உண்டு. நாளை ஸ்காட்லாந்திலோ வேறெங்கோ இதேபோல ஒரு வாக்கெடுப்பு வந்தாலும் அதே முறை செல்லும்.

முதலில் வாக்கெடுப்புச் சட்டத்தைப் படியுங்கள்

எந்தப் பொதுவாக்கெடுப்புக்கும் பின்னால் ஒரு சட்டம் இருக்கும். பிரிட்டன் சட்டங்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எத்தனை பக்கம் இருந்தாலும் அதில் தேட வேண்டியது ஒரே விஷயம்: முடிவு வந்தபின் யார் என்ன செய்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறதா?

இரண்டு சட்டங்களை அருகருகே வைத்தால் இது உடனே விளங்கும். 2011-இல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்தது. அதற்கான சட்டத்தில், மக்கள் சம்மதித்தால் புதிய முறையை நடைமுறைக்குக் கொண்டுவரும் ஆணையை அமைச்சர் பிறப்பித்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2015-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. கேள்வி என்ன, யார் வாக்களிக்கலாம், பிரசாரச் செலவு எவ்வளவு என்பதோடு அது நின்றுவிட்டது. ஆக, முடிவு அரசியல்வாதிகளைக் கட்டிப்போட்டது, ஆனால் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தவில்லை. பின்னால் வந்த சண்டைகளில் பாதிக்கு வேர் இந்த இடைவெளிதான்.

அடுத்த கேள்வி, விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் என்பது. அரசு தனக்கே உண்டு என்றது. 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 3 என்று, நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் முடியும் என்று தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சட்டமன்றங்களுக்குத் தடுப்பு அதிகாரம் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் ஒன்றியத்திலேயே இருக்க வாக்களித்திருந்ததால், இந்த இரண்டாம் பகுதி முதலாவதற்குக் குறையாத முக்கியம் உடையது. செய்திகளில் அது பெரிதாக வரவில்லை. தீர்ப்பு வந்தால் தலைப்போடு நிறுத்தாமல் நீதிமன்றமே வெளியிடும் சுருக்கத்தையாவது படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான்.

மனு, ஊர்வலம், கருத்துக்கணிப்பு ஆகியவற்றை வேறு பட்டியலில் வையுங்கள். இரண்டாம் வாக்கெடுப்பு கேட்ட மனுவில் நாற்பது லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. பிரிட்டனில் ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் பரிசீலிப்பார்கள். அதைத் தாண்டி மனுவுக்குச் சட்ட வலு எதுவும் கிடையாது, நாற்பது லட்சம் ஆனாலும் அதே கதிதான்.

கெடுவை எழுதி வையுங்கள்

ஒன்றியத்தை விட்டு விலகும் வழியைச் சொல்வது ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆம் பிரிவு. ஐந்தே பத்திகள். விலகும் நாடு முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உடன்பாடு ஏற்பட்டால் அது நடைமுறைக்கு வரும் நாளில் உறவு முடியும். ஏற்படாவிட்டால் அறிவிப்புக் கொடுத்த இரண்டாம் ஆண்டு நிறைவில் தானாகவே முடியும். நீட்டிக்க வேண்டுமானால் மற்ற உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்.

‘தானாகவே’ என்ற சொல்லின் கீழ் கோடு போடுங்கள். எந்தக் கெடுவைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் அந்த நாளில் என்ன நடக்கும் என்பதுதான். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கெடு நாள், சும்மா இருந்தால் நடப்பது, அதை மாற்றக்கூடியவர், அதற்குத் தேவையான ஆதரவு. கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே 2017 மார்ச் 29 அன்று அறிவிப்புக் கொடுத்தார். ஆகவே முதல் கட்டத்தில் 2019 மார்ச் 29. இரண்டாவதில் ஒப்பந்தம் இல்லாத விலகல். மூன்றாவதில் இரண்டு வரி வரும். நீட்டிப்பு என்றால் பிரிட்டனும் மற்ற 27 நாடுகளும். அறிவிப்பையே திரும்பப் பெறுவது என்றால் பிரிட்டன் மட்டும் போதும், 2018 டிசம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

இந்தத் தாள் கையில் இருந்தவர்கள் 2019 மார்ச் 13 அன்று ஏமாந்திருக்க மாட்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் விலகுவதை ஏற்க மாட்டோம் என்று நாடாளுமன்றத்தின் கீழவை அன்று 321-க்கு 278 என்று தீர்மானம் போட்டது. ‘ஒப்பந்தமில்லா விலகல் நிராகரிப்பு’ என்று தலைப்புகள் வந்தன. ஆனால் அது வெறும் தீர்மானம். ஒப்பந்தத்தை ஏற்பது, நீட்டிப்புப் பெறுவது, அறிவிப்பைத் திரும்பப் பெறுவது, இந்த மூன்றில் ஒன்று நடக்காதவரை கெடு ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஒன்றியம் நீட்டித்தபின்தான் மார்ச் 29 நகர்ந்தது. முதலில் ஏப்ரல் 12, பிறகு அக்டோபர் 31, கடைசியில் 2020 ஜனவரி 31.

தீர்மானத்தையும் சட்டத்தையும் பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. அரச ஒப்புதல் வாங்கியது சட்டம், மற்றது சபையின் கருத்து. 2019 செப்டம்பர் 9 அன்று அரச ஒப்புதல் பெற்ற, எம்.பி. ஹிலரி பென் பெயரால் அறியப்படும் ‘பென் சட்டம்’, உடன்பாடு கிடைக்காவிட்டால் பிரதமர் அக்டோபர் 19-க்குள் நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றது, கடித வாசகத்தையே இணைப்பாக வைத்திருந்தது. மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் அனுப்பவே மாட்டேன் என்று மேடை மேடையாகச் சொன்னார். அக்டோபர் 19 அன்று கையெழுத்தில்லாமல் அனுப்பினார். ஒன்றியம் அதை ஏற்று நீட்டித்தது. பேச்சுக்கும் சட்டத்துக்கும் மோதல் வந்தால் சட்டத்தின் பக்கம் பந்தயம் கட்டுவதே பெரும்பாலும் சரி.

தலை எண்ணுங்கள்

குழப்ப காலத்தில் மிக நம்பகமான கருவி கூட்டல் கழித்தல்தான். யார் ஆவேசமாகப் பேசினார் என்பதைவிட யாரிடம் எத்தனை வாக்கு என்பது பெரிது.

2017 ஜூன் தேர்தலுக்குப் பிந்தைய கீழவையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 650 இடம். வட அயர்லாந்தின் ஷின் ஃபெயின் கட்சியின் 7 பேர் கொள்கை காரணமாக அவைக்கே வருவதில்லை. சபாநாயகரும் துணைச் சபாநாயகர்கள் மூவரும் வாக்களிப்பதில்லை. மீதம் 639. ஆகவே உண்மையான பெரும்பான்மை 320, பலரும் எழுதிய 326 இல்லை. மேயின் கட்சிக்குக் கிடைத்தது 317. வட அயர்லாந்தின் டியூபி கட்சியின் 10 பேரைச் சேர்த்தால் 327. அந்தப் பத்துப் பேரின் ஆதரவுக்காகத்தான் வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அன்று முதல், பத்துப் பேர் ஏற்காத எதுவும் நிறைவேறுவது கடினம் என்று ஆகிவிட்டது.

அவையில் நடக்கும் வாக்கெடுப்பின் முடிவு வந்ததும் கணக்கைச் சரிபார்க்கும் பழக்கம் வையுங்கள். மணி அடித்த எட்டாம் நிமிடம் வாக்களிப்புக் கூடங்களின் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் எண்ணுபவர்கள் இருவர், அவர்கள் வாக்கு கணக்கில் வராது. 2019 ஜனவரி 15 இரவு, மே ஒன்றியத்தோடு பேசி முடித்த விலகல் ஒப்பந்தத்துக்கு ஆதரவு 202, எதிர்ப்பு 432. கூட்டினால் 634. எண்ணியவர்கள் 4, ஷின் ஃபெயின் 7, சபாநாயகர் தரப்பு 4. மொத்தம் 649. அதாவது வாக்களிக்கக் கூடியவர்களில் ஒரே ஒருவர்தான் வரவில்லை. வாக்கு தவறியதால் வந்த தோல்வி என்ற சமாதானத்துக்கு இடமே இல்லை என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டிவிடும்.

அதற்கடுத்த வேலைதான் கடினம்: எதிர்த்தவர்களைப் பிரித்துப் பார்ப்பது. அந்த 432-இல் ஆளுங்கட்சியினரே 118 பேர். ஒரு பகுதியினர் ஒப்பந்தம் போதுமான அளவு விலகவில்லை என்று எதிர்த்தார்கள், இன்னொரு பகுதியினர் விலகலே வேண்டாம் என்று எதிர்த்தார்கள். எதிர்ப்பதில் ஒன்று சேர்ந்தவர்கள் மாற்று ஏற்பாட்டில் ஒன்று சேர மாட்டார்கள். மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளை அவையில் வைத்தபோது எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு வைத்தார்கள், அவையும் தோற்றன. உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியத்தில் தொடர்வது 273-க்கு 276, மறு வாக்கெடுப்பு 280-க்கு 292. மேயின் ஒப்பந்தமோ மார்ச் 12-இல் 242-க்கு 391, மார்ச் 29-இல் 286-க்கு 344 என்று தோற்றது. எதற்கும் பெரும்பான்மை இல்லாத அவையில் ‘அடுத்து என்ன’ என்று ஆருடம் சொல்பவரை நம்பாதீர்கள், அவரிடம் எண்ணிக்கை கேளுங்கள்.

எண்ணிக்கை ஒரே நொடியில் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். 2019 செப்டம்பர் 3 அன்று ஜான்சன் அவையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் எழுந்து நடந்து எதிர்வரிசையில் லிபரல் டெமாக்ரட்டுகளோடு உட்கார்ந்தார். பெரும்பான்மை அங்கேயே போனது. அன்றிரவு அரசு 301-க்கு 328 என்று தோற்றது, எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சியினர் 21 பேரை ஜான்சன் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார். தேர்தல் வைத்துத் தப்பிக்கவும் முடியவில்லை. நாடாளுமன்றத்தின் பதவிக்காலம் பற்றி அன்றிருந்த 2011 சட்டப்படி முன்கூட்டியே தேர்தல் வைக்க 650-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 434 பேர் வேண்டும். மூன்று முறை முயன்று தோற்றபின், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற தனிச் சட்டம் கொண்டுவந்துதான் 2019 டிசம்பர் 12 தேர்தல் நடந்தது. அதில் ஜான்சன் கட்சிக்கு 365 இடம், 80 பெரும்பான்மை. குழப்பத்தை முடித்தது அந்த எண்ணிக்கை.

அவை விதிகளையும் ஒரு கண் பாருங்கள். ஒரே கூட்டத்தொடரில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப வாக்குக்கு விடக்கூடாது என்று 1604-இலிருந்து வரும் மரபைச் சபாநாயகர் ஜான் பெர்கோ எடுத்துப் போட்டபோது, அரசின் திட்டமே சில நாள் முடங்கியது.

வாக்குறுதிகளை அடுக்கிப் பாருங்கள்

விலகல் பிரசாரத்தில் ஆளுக்கொரு வாக்குறுதி இருக்கும். வென்றபின் அவற்றை எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். ஒன்றோடொன்று பொருந்தாதவை எவை என்று கண்டுபிடித்தால், அடுத்த சண்டை எங்கே வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

பிரிட்டனில் அது அயர்லாந்துத் தீவில் வெடித்தது. அரசு மூன்றைச் சொன்னது. ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையிலும் சுங்க ஒன்றியத்திலும் இருக்க மாட்டோம். வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே சோதனைச் சாவடி வராது. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் இடையே கடலிலும் சோதனை வராது. எந்த இரண்டையும் காப்பாற்றலாம், மூன்றையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது. சரக்குக்கு இரு வேறு விதி இருந்தால் எங்காவது ஓரிடத்தில் லாரியை நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டும். சுமார் 500 கிலோமீட்டர் நில எல்லை அது. 1998 புனித வெள்ளி உடன்பாட்டுக்குப் பின் அங்கே ராணுவச் சாவடிகள் மறைந்து சனங்கள் போக வர இருக்கிறார்கள். மீண்டும் சாவடி என்றால் பழைய வன்முறை திரும்பும் என்ற அச்சம் வீண் அச்சம் இல்லை.

மே முதலாவதை நெகிழ்த்தினார், வேறு தீர்வு வரும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு பொதுச் சுங்க ஏற்பாட்டில் இருக்கும் என்ற ‘பேக்ஸ்டாப்’ காப்பு ஏற்பாட்டின் பெயரில். அதைத்தான் அவை மூன்று முறை தோற்கடித்தது. ஜான்சன் 2019 அக்டோபரில் மூன்றாவதைக் கைவிட்டார், கடலில் சோதனை வந்தது. அதன் விலையை வட அயர்லாந்து கொடுத்தது. கடல் சோதனையை எதிர்த்து டியூபியின் முதல் அமைச்சர் 2022 பிப்ரவரியில் விலக, 2024 பிப்ரவரி வரை அங்கே முழுமையான அரசே இல்லை. விலகலுக்கு வாக்களிக்காத ஒரு பகுதி இரண்டாண்டு அரசில்லாமல் கிடந்ததை வெறும் நடைமுறைச் சிக்கல் என்று கடந்துபோகக் கூடாது.

பணம்

முதல் வாரத்தின் பங்குச் சந்தையைப் படிக்கும்போது எந்தக் குறியீடு என்று பாருங்கள். லண்டனின் எஃப்டிஎஸ்இ 100 ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு மேலேயே ஏறியது. அதில் உள்ள பெரிய நிறுவனங்கள் பல டாலரில் சம்பாதிப்பவை, பவுண்டு விழுந்ததால் அவற்றின் கணக்கு வீங்கியது. உள்நாட்டு வியாபாரத்தை அதிகம் நம்பும் எஃப்டிஎஸ்இ 250 முதல் நாளே 7 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. உள்ளூர் நிலவரம் தெரிய வேண்டுமானால் இதைப் பாருங்கள்.

வாக்கின் விளைவையும் விலகலின் விளைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். உடனே மந்தநிலை வரும், ஐந்து லட்சம் வேலை போகும் என்று 2016 மே மாதம் நிதித்துறை கணித்தது. வரவில்லை. விலகல் அறிவிப்பு உடனே கொடுக்கப்படும் என்பது அந்தக் கணிப்பின் அனுமானங்களில் ஒன்று, அது ஒன்பது மாதம் தள்ளிப்போனது. மத்திய வங்கியும் முதல் நாளே 25,000 கோடி பவுண்டு தயார் என்று சொல்லி, ஆகஸ்ட் 4 அன்று வட்டியை 0.5-இலிருந்து 0.25 ஆக்கியது. உடனே வந்தது பவுண்டுச் சரிவும் அதைத் தொடர்ந்த விலைவாசியும்தான். 2017 நவம்பரில் பணவீக்கம் 3.1 விழுக்காடு.

நடைமுறையில்: கல்விக் கட்டணமோ வீட்டு முன்பணமோ வேறு நாணயத்தில் கட்ட வேண்டியிருந்தால் முழுத் தொகையையும் ஒரே நாளில் மாற்றாமல் மூன்று நான்கு தவணையாக மாற்றுங்கள். வாக்கெடுப்பு இரவில் மாற்றவே வேண்டாம், அன்று வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி விரிந்திருக்கும். ஆறு மாதத்துக்குள் தேவைப்படும் பணத்தை, கட்டடங்களில் முதலிடும் சொத்து நிதிகளில் போடாதீர்கள். 2016 ஜூலையில் பல சொத்து நிதிகள் பணம் எடுப்பதையே நிறுத்திவைத்தன. தினமும் எடுக்கலாம் என்று சொன்னாலும் அந்தப் பணம் கட்டடமாக நிற்கிறது, கட்டடத்தை ஒரு நாளில் விற்க முடியாது.

குடியிருப்பு ஆவணங்கள்

தமிழர்கள் நேரடியாக மாட்டிக்கொண்ட இடம் இது. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் உறவுக்காகவும் லண்டனுக்கு வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல. வாக்கெடுப்புக்கு முன் அவர்களுக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. பிறகு எல்லோரும் ‘செட்டில்மென்ட் ஸ்கீம்’ என்ற திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. 2020 டிசம்பர் 31-க்குள் பிரிட்டனில் குடியிருந்திருக்க வேண்டும், 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஐந்தாண்டு தொடர்ந்து இருந்தவருக்கு ‘செட்டில்ட்’ என்ற நிரந்தர நிலை, குறைவாக இருந்தவருக்கு ‘பிரீ-செட்டில்ட்’ என்ற தற்காலிக நிலை.

தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்தன. பெற்றோர் விண்ணப்பித்தால் பிள்ளைக்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்தார்கள், கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். பழைய நிரந்தரக் குடியிருப்பு அட்டை இருக்கிறதே என்று விட்டார்கள், அது 2021 ஜூன் 30-க்குப் பின் செல்லாது. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் மனைவியோ தாயாரோ தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல் போனது. பாஸ்போர்ட் புதுப்பித்தபின் எண்ணைக் கணக்கில் மாற்றாததால் விமான நிலையத்தில் நின்றவர்களும் உண்டு, ஏனென்றால் நிலை இணையத்தில்தான் இருக்கிறது, கையில் தாள் கிடையாது.

எந்த நாட்டில் இப்படி ஒரு வாக்கு வந்தாலும், விதி வரும்வரை காத்திராமல் அந்த வாரமே தொடங்க வேண்டியது ஆதாரம் சேர்ப்பதுதான். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பு: ஆண்டு வருமானச் சான்று, கவுன்சில் வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், பள்ளிக் கடிதம், மருத்துவப் பதிவு. ஆண்டுக்கு ஒவ்வொன்றாவது, ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழாமல். மின் கட்டணம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் மனைவிக்கு ஆதாரம் இல்லாமல் போகும், வீட்டிலிருக்கும் தாய்மார்கள் பலர் சிக்கியது இதில்தான். வெளிநாடு போய் வந்த தேதிகளையும் எழுதி வையுங்கள். தொடக்கத்தில், எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது. இத்தகைய விதி பின்னால் தளரலாம், இறுகலாம், தேதி கையில் இருந்தால் இரண்டையும் சமாளிக்கலாம்.

எப்போது முடிந்தது என்று எடுத்துக்கொள்வது

விலகிய நாளோடு நாள்காட்டியை மூடிவிடாதீர்கள். 2020 ஜனவரி 31 விலகல் என்றாலும் டிசம்பர் 31 வரை இடைக்காலம், பழைய விதிகளே ஓடின. வணிக உடன்பாடு எட்டியது டிசம்பர் 24 அன்று, ஏற்றுமதியாளர்களுக்குப் படிக்கக் கிடைத்தது ஒரு வாரம். மீன்பிடி ஏற்பாடு 2026 ஜூன் வரை என்றிருந்தது, 2025 மே மாதத்தில் 2038 வரை நீட்டினார்கள். வட அயர்லாந்து ஏற்பாடு தொடரலாமா என்று அங்குள்ள சட்டமன்றம் அவ்வப்போது வாக்களிக்க வேண்டும். 2024 டிசம்பர் 10 அன்று 48-க்கு 36 என்று தொடரச் சொன்னார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற இரு சமூகத்தாரின் ஆதரவும் இருந்திருந்தால் எட்டு ஆண்டு கழித்து அடுத்த வாக்கு, இல்லாததால் நான்கே ஆண்டு. ஆகவே அந்த நான்கு கட்டத் தாளில் அடுத்த வரி 2028.